கயிற்றுக்கு ஏறிய பாட்டு

மறியலுக்குப் போய் வந்த கவிஞர் என்று கூட்டங்களில் என்னை அறிமுகம் செய்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. மாலையைப் போட்டு, முன்வரிசைக் கதிரையில் இருத்தி, எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். அடித்தார்களா? நகத்தைப் பிடுங்கினார்களா? இல்லை என்றால் முகம் தொங்கிப்போகிறது. அடி வாங்காதவனுக்கு எதற்கு மாலை என்று யோசிக்கிறார்கள் போலும்.

அடிக்கவில்லை ஐயா. வேளைக்கு வேளை சாப்பாடு போட்டார்கள். வெளியில் சனங்கள் கூப்பன் அரிசிக்கு வெயிலில் நின்றபோது எனக்குச் சிறைக்குள்ளே பாண் கிடைத்தது. செய்ததை அவர்கள் வேறு விதமாகச் செய்தார்கள். அதைச் சொல்லத் தொடங்கினால் மாலை கொண்டுவந்தவர்கள் மணிக்கூட்டைப் பார்க்கிறார்கள். அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

இரண்டாவது உலக யுத்தம் தொடங்கியபோது நான் திருகோணமலைப் பட்டினத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். கவிதையும் எழுதினேன். பத்திரிகையில் ஒன்றிரண்டு வந்தன. அவற்றை வாசித்தவர்கள் நானும் அச்சுக்கோத்தவரும்தான் என்று நினைக்கிறேன். பின்னேரங்களில் துறைமுகத்தின் உட்குடாப் பக்கம் நடந்துபோவேன். அங்கே ஒரு குடியிருப்பு இருந்தது. கரைவலைதான் அவர்களுடைய தொழில். வலையைத் தோணியில் கொண்டுபோய்க் கடலில் வளைத்துவிட்டு, இரண்டு கயிற்றையும் கரையில் நின்று இழுப்பார்கள். ஒருநாள் ஆள் போதாமல் என்னையும் கூப்பிட்டார்கள். அன்றைக்குப் பிடித்த கயிற்றை நான் பிறகு விடவில்லை.

கரைவலை இழுக்கிறபோது படிக்கிற பாட்டுக்கு அம்பா என்று பெயர். ஒருவர் அடியை எடுத்துக் கொடுப்பார். கயிற்றில் நிற்கிற எல்லோரும் மறுமொழி சொல்லுவார்கள். மறுமொழியில்தான் இழுப்பு இருக்கிறது. எல்லாருடைய வாயும் ஒரே நேரத்தில் திறக்கிறபோது எல்லாருடைய காலும் ஒரே நேரத்தில் மணலில் ஊன்றும். வாய் திறக்காமல் நிற்கிறவனைக் கயிற்றிலிருந்து இறக்கிவிடுவார்கள். அவனுக்கு அன்றைக்கு மீன் பங்கும் கிடையாது. அவன் இழுக்கவில்லை, கயிற்றில் தொங்குகிறான் என்பது அவர்களுடைய கணக்கு. அந்தக் கரையில் பிறந்த பிள்ளைகள் அம்மா என்று சொல்லப் பழகிய கையோடு மறுமொழி சொல்லவும் பழகிவிடுவார்கள்.

அங்கே அம்பா எடுக்கிறவர் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு மனிதர். நெஞ்சு அகன்றவர், பகிடிக்காரர். நான் அவரை அண்ணை என்பேன், அவர் என்னை மாஸ்டர் என்பார். என் கவிதை ஒன்றை அவருக்கு வாசித்துக் காட்டினேன். கடைசிவரைக்கும் மரியாதையாகக் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு மாஸ்டர். ஆனா இதைப் படிச்சு ஒரு நெத்தலியும் இழுக்க ஏலாது" என்றார்.

அதற்குள் வெள்ளைக்காரருடைய கடற்படை வந்து இறங்கியது. கப்பல் நிறுத்த இடம், எண்ணெய்த் தாங்கிக்கு இடம், பீரங்கிக்கு இடம். உட்குடாக் கரை முழுவதற்கும் முட்கம்பி அடித்தார்கள். வலையும் சாமானும் வைக்கிற வாடிகளைப் பிரித்துப் போட்டார்கள். தலைமுறை தலைமுறையாக இருந்த சனத்திடம், நாளைக்குக் காலமை இங்கே நிற்கக்கூடாது என்று சொல்ல அவர்களுக்கு ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை. எல்லாம் யுத்தத்துக்காக. யாருடைய யுத்தம் என்று கேட்டால் நீ யப்பான்காரனுடைய ஆள். எனக்கு யப்பான்காரனும் வேண்டாம், இவர்களும் வேண்டாம் என்று நான் சொன்னது யாருடைய காதிலும் ஏறவில்லை. மிஞ்சியது முட்கம்பிக்கு வெளியே ஒரு துண்டுக் கரை. அதில் மட்டும் கொட்டில் போட்டு இருந்து வலை இழுக்கலாம் என்று துறைமுகத்துக்குப் பொறுப்பான வெள்ளைத் துரை அனுமதி கொடுத்தார். அவர் நினைத்தால் அதையும் நிறுத்தலாம்.

அந்தக் கோபத்தில்தான் நான் ஒரு அம்பா கட்டினேன். பெரிய கவித்துவம் ஒன்றும் இல்லை. "கரைக்குச் சொந்தக் காரனாரு?" என்று அண்ணை எடுத்தால், "காலில் சப்பாத்துப் போட்டவனோ!" என்று கயிறு மறுமொழி சொல்லும். "கடலுக்கு வேலி அடிச்சவனாரு?" என்றால், "கஞ்சிக்கு வேலி அடிச்சவனே!" இப்படியே போகும். முதல்நாள் படித்தபோது ஆட்கள் சிரித்துச் சிரித்து இழுத்தார்கள். வலை வழமையை விடச் சீக்கிரம் கரைக்கு வந்தது. அண்ணை என் முதுகில் தட்டி, "இது கயித்துக்கு ஏறிப்போச்சு மாஸ்டர்" என்றார். என் எழுத்துக்கு வாழ்நாளில் கிடைத்த விமர்சனங்களில் அதைவிடப் பெரியது வேறொன்றும் இல்லை. நான் நிலத்தில் கால் படாமல் வீட்டுக்குப் போனேன்.

காவலுக்கு நின்ற சிப்பாய்கள் பக்கத்தில் வருகிறபோதெல்லாம் எங்கள் ஆட்கள் அந்தப் பாட்டை இன்னும் சத்தமாகப் படித்தார்கள். தமிழ் தெரியாதவனுக்கும் தன்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்பது விளங்கும். யுத்தகாலத்துக்கென்று ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். வழக்கும் வேண்டாம், சாட்சியும் வேண்டாம், ஆளைப் பிடித்து உள்ளே போடலாம். பள்ளிக்கூடத்தில் பாடம் நடந்துகொண்டிருந்தபோது என்னைப் பிடித்தார்கள். அதே நாள் கரையில் அண்ணையையும் கயிற்றில் நின்ற ஆண்களையும் பிடித்தார்கள்.

விசாரணை துரையின் கந்தோரில் நடந்தது. துரைக்குத் தமிழ் தெரியாது. அதனால் நடுவில் ஒரு துபாசி இருந்தார். இந்தத் துபாசியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவர் வேற்றாள் இல்லை. அந்தக் கரையிலேயே பிறந்தவர். அவருடைய தகப்பன் அங்கே வலைக்குச் சொந்தக்காரராக, சம்மாட்டியாக இருந்தவர். சின்ன வயதில் கயிறு பிடித்துவிட்டு, பிறகு பட்டினத்தில் இங்கிலிசு படித்து, களுசானும் சப்பாத்துமாக உத்தியோகத்துக்கு ஏறியவர். அவரைக் கண்டதும் ஆட்களுக்கு உயிர் வந்தது. "பயப்பிடாதேங்கோ, எங்கட ஆள்தான்" என்று அண்ணை என் காதில் சொன்னார்.

துரை ஒன்றைத் தெளிவாகச் சொன்னார். இது பள்ளிக்கூட வாத்தியாரின் குழப்படி என்றால் வாத்தியார் மட்டும் உள்ளே இருப்பார். மீனவர்கள் மாதக் கடைசியில் தங்கள் கரைக்குப் போகலாம். அவர்களும் கூட்டுச் சேர்ந்து படித்தது உண்மை என்றால் எல்லோரும் உள்ளே. அந்தத் துண்டுக் கரையும் மூடப்படும். துபாசி அதை எங்களுக்குத் தமிழில் சொன்னார், இரண்டு தரம் சொன்னார், விளங்கியதா என்றும் கேட்டார்.

விளங்கியது. அந்தத் துண்டுக் கரை போனால் குடியிருப்பில் அடுப்பு எரியாது. அதனால் நான் என் பாட்டை நானே காறித் துப்பினேன். பாட்டை எழுதியது நான்தான், ஆனால் அதை ஒருவரும் படிக்கவில்லை, படிக்கக்கூடிய பாட்டும் இல்லை, நான் ஒன்றுக்கும் உதவாத கவிஞன் என்று சொன்னேன். துபாசி அதை மொழிபெயர்க்கத் துரை சிரித்தார். அடுத்தது அண்ணை.

"ஐயா, மாஸ்டர் ஒரு பாட்டுக் கொண்டந்து தந்தவர்தான். நாங்களும் படிச்சுப் பாத்தம். அது கயித்துக்கு ஏறேல்லை. விட்டிட்டம்."

பொய்தான். எனக்காகவும் தங்கள் கரைக்காகவும் சொன்ன பொய். இருந்தும் எனக்குச் சுருக்கென்றது. மறியலுக்குத் திரும்பி வந்து வாங்குப் பலகையில் இருந்தபோது அண்ணை என் முகத்தைப் பார்த்துவிட்டார். "கோவிக்காதேங்கோ மாஸ்டர். எண்டாலும் அந்த மூண்டாவது அடி உண்மையிலயே இழுபடுறதுதான்" என்றார். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

ஆனால் அடுத்த நாளே ஒரு சங்கதி நடந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒருவர் மூலையில் குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். அண்ணை பகிடிக்காக, பிள்ளையாரைக் கூப்பிடுகிற பழைய அம்பா ஒன்றின் அடியை மெல்ல எடுத்தார். தூங்கிய மனிதர் கண்ணைத் திறக்காமலே மறுமொழியைச் சொல்லிவிட்டுக் குறட்டையைத் தொடர்ந்தார். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணை மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டார். "பொடியள், இது கூடாது" என்றார். "மாஸ்டரின்ர பாட்டை இனி ஒருத்தரும் வாயில எடுக்கக்கூடாது. பகிடிக்கும் எடுக்கக்கூடாது. எடுத்தா மற்றவன்ர வாய் சும்மா இராது." எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் தலையாட்டினேன். என் பாட்டுக்கு முதல் தடை போட்டது துரை அல்ல, நாங்கள்தான்.

அந்த மாதம் முடிவதற்குள் யப்பான் விமானங்கள் வந்தன. காலை நேரம். சங்கு ஊதியது. காவலர்கள் எல்லோரும் முற்றத்தில் வெட்டியிருந்த பதுங்குகுழிக்கு ஓடினார்கள், சாவிக் கொத்தையும் எடுத்துக்கொண்டு. சாவிகள் பத்திரமாகக் குழிக்குள் இருந்தன. நாங்கள் பூட்டுக்குள் இருந்தோம். துறைமுகப் பக்கம் நிலம் குலுங்கியது. கூரை ஓடுகள் எங்கள் தலைக்கு மேல் விழுந்தன. ஒருவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "திறந்து விடுங்கோடா, திறந்து விடுங்கோடா" என்று தொண்டை கிழியக் கத்தினார். குழிக்குள்ளிருந்து ஒரு தலைகூட எட்டிப் பார்க்கவில்லை. நாட்டின் பாதுகாப்புக்கென்று சொல்லித்தான் எங்களைப் பூட்டி வைத்திருந்தார்கள்.

குண்டு விழுந்த பிறகு பட்டினம் காலியானது. சனங்கள் காட்டுப் பக்கமும் யாழ்ப்பாணப் பக்கமும் ஓடிவிட்டார்கள். துறைமுகத்தில் கூலிக்கு ஆளில்லை. இறங்குதுறைக்குக் குறுக்கே கப்பல் சாமான் ஏற்றுகிற பெரிய வள்ளம், வத்தை ஒன்று, பாதி தாழ்ந்து கிடந்தது. அதை இழுத்து எடுத்தால்தான் வேறு வள்ளங்கள் ஒதுங்கலாம். இழுக்கிற இயந்திரம் குண்டில் நொறுங்கிப்போயிருந்தது. மறியலில் சும்மா சாப்பிட்டுக்கொண்டிருக்கிற ஆட்களின் நினைவு துரைக்கு அப்போதுதான் வந்தது. எங்களைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். தண்ணீரில் ஊறிய தடித்த கயிறு. நானும் நடுவில் பிடித்தேன்.

துரையும் துபாசியும் பார்த்துக்கொண்டு நிற்க, ஒரு சிப்பாய் விசில் ஊதினான். ஒன்று, இரண்டு, மூன்று என்று இங்கிலிசில் எண்ணினான். நாங்கள் மூன்றுக்கு இழுத்தோம். வத்தை அசையவில்லை. மறுபடியும் எண்ணினான். அசையவில்லை. எண்ணுகிறவன் எண்ணினால் இழுக்கிறவன் எங்கே இழுப்பது? எங்கள் ஆட்களின் கால் விசிலுக்கு ஊன்றாது. வேண்டுமென்றே வேலையை இழுத்தடிக்கிறோம் என்று நினைத்து அவன் கத்தினான். கடைசியில் அண்ணை கையைக் காட்டி, துபாசியிடம், "ஐயா, ஒரு அம்பா படிச்சா வரும். சாமிப் பாட்டுத்தான்" என்றார். துபாசி கேட்டுச் சொன்னார், துரை தலையசைத்தார். அண்ணை பிள்ளையாரின் பாட்டை எடுத்தார். முதல் மறுமொழியிலேயே வத்தை நெளிந்தது. கொஞ்சம் கொஞ்சமாக மூக்கைத் தூக்கியது. துரைக்கு முகமெல்லாம் சந்தோஷம். தேத்தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்.

துபாசி போகவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குனிந்து சப்பாத்தைக் கழற்றினார். களுசானை முழங்கால்வரை மடித்துவிட்டுத் தண்ணீரோரமாக நடந்து வந்து, கயிற்றின் தலைப்பில் அண்ணைக்குப் பக்கத்தில் நின்றார்.

"நானும் ஒரு கை பிடிக்கிறன். கனகாலமாச்சு."

எங்கள் ஆட்களின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அப்படி ஒரு மலர்ச்சி. பின்னால் நின்ற ஒருவர், "சம்மாட்டியின்ர மகனெல்லே" என்றார், பெருமையாக. அண்ணை ஒதுங்கி இடம் கொடுத்தார். படித்துப் படித்து அண்ணைக்குத் தொண்டை கட்டியிருந்தது. "நீங்கள் எடுங்கோ தம்பி" என்றார்.

துபாசி எடுத்தார். நல்ல குரல். பிள்ளையார் பாட்டின் அடுத்த அடியைச் சரியாக எடுத்தார். நாங்கள் மறுமொழி சொன்னோம். இன்னோர் அடி. வத்தை இப்போது மணலில் இடறி நின்றது. அதுதான் ஆகப் பாரமான நேரம். அந்த நேரத்தில் விட்டால் வத்தை திரும்பவும் சறுக்கிப்போகும். எல்லாரும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, குதிக்காலைப் புதைத்துக்கொண்டு, அடுத்த அடிக்காகக் காத்து நின்றோம். அந்த இடத்தில்தான் அவர் எடுத்தார்.

"கரைக்குச் சொந்தக் காரனாரு?"

"காலில் சப்பாத்துப் போட்டவனோ!"

கயிறு முழுக்கச் சொன்னது. ஒருவர் மிச்சமில்லை. தொண்டை கட்டிய அண்ணை சொன்னார். எழுதிய நானும் சொன்னேன். வத்தை ஒரே இழுவையில் கரைக்கு ஏறியது.

துபாசி கயிற்றை விட்டார். கைக்குட்டையை எடுத்து உள்ளங்கையைத் துடைத்தார். எங்களில் ஒருவரையும் பார்க்காமல் நடந்துபோய், காலிலிருந்த மணலைத் தட்டி, ஒவ்வொரு சப்பாத்தாகப் போட்டு, முடிச்சையும் கட்டிக்கொண்டு துரையின் கந்தோர்ப் பக்கம் போனார்.

வெள்ளைக்காரன் இதைச் செய்திருக்க மாட்டான். அவன் நல்லவன் என்பதால் அல்ல, அவனுக்குத் தெரியாது. மறுமொழி எங்கள் வாயில் இல்லை, காலில் இருக்கிறது என்பது அந்தக் கரையில் பிறந்தவனுக்குத்தான் தெரியும். விசாரணையில் எத்தனை கேள்வி கேட்டும் வராத ஒன்றை எங்கே நின்று, எப்போது, எப்படி எடுத்தால் வரும் என்று தகப்பனின் கயிற்றில் நின்று பழகியவனுக்குத்தான் தெரியும். பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள், பாவம், அவரும் உத்தியோகத்துக்குப் பயந்து செய்திருப்பார் என்று. அப்படிச் செய்யச் சொல்லி ஒருவரும் அவரிடம் கேட்கவில்லையே! துரை தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். துபாசி வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் போதும். மாதக் கடைசியில் எல்லோரும் வீட்டுக்குப் போயிருப்பார்கள். அடுத்த வருடம் அவருக்கு அரசாங்கப் பட்டம் ஒன்று கிடைத்தது. சாகும்வரைக்கும் பெயருக்கு முன்னால் போட்டுக்கொண்டார். நான் அவரை மன்னிக்கவில்லை. மன்னிக்கிற உத்தேசமும் இல்லை.

அன்றைக்குப் பின்னேரமே அந்தத் துண்டுக் கரையை மூடினார்கள். எஞ்சியிருந்த வாடியையும் பிடுங்கினார்கள். பெண்களும் பிள்ளைகளும் சட்டி பானையோடு கரைப் பாதையில் வடக்கே நடந்தார்கள் என்று காவலன் ஒருவன் வந்து சொன்னான். அண்ணை சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தார். அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். மறுநாள் என்னை மட்டும் பிரித்து வேறு ஊர் மறியலுக்கு அனுப்பினார்கள். அவர்களை ஒரு வருடத்துக்குப் பிறகு விட்டதாகக் கேள்விப்பட்டேன். என்னை யுத்தம் முடிகிறவரை வைத்திருந்தார்கள். அங்கே ஒரு துரை, படைக்கு ஆள் சேர்க்க ஒரு பாட்டு எழுதித் தந்தால் விட்டுவிடலாம் என்றான். நான் ஒன்றுக்கும் உதவாத கவிஞன், என் பாட்டு ஒன்றும் கயிற்றுக்கு ஏறாது என்று சொன்னேன். அவனுக்கு விளங்கவில்லை.

விடுதலையாகி வந்ததும் பட்டினத்தில் எனக்கு ஒரு கூட்டம் வைத்தார்கள். யுத்தம் நடந்தபோது என் வீட்டுப் பக்கம் எட்டியும் பார்க்காதவர்கள் மேடை நிறைய இருந்தார்கள். அன்றைக்கும் அந்தக் கேள்விதான். அடித்தார்களா? அடுத்த நாள் காலை வடக்கே குச்சவெளிக்குப் பஸ் ஏறினேன். அண்ணையும் ஆட்களும் அங்கே வேறொரு சம்மாட்டியின் வலைக்குக் கூலிக்கு நிற்கிறார்கள் என்று விசாரித்து அறிந்திருந்தேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது வலை கடலில் கிடந்தது. கயிறு கரைக்கு வந்துகொண்டிருந்தது. தூரத்திலிருந்தே எனக்கு ஏதோ வித்தியாசமாகப் பட்டது. கிட்டப் போனபிறகுதான் என்னவென்று தெரிந்தது. சத்தம் இல்லை. அத்தனை பேர் கயிற்றில் நிற்கிறார்கள், ஒரு வாய்கூடத் திறக்கவில்லை. அண்ணை தலைப்பில் நின்றார். மெலிந்திருந்தார். அவர் கழுத்தில் ஒரு நூலில் விசில் தொங்கியது. அதை ஊதினார். இழுத்தார்கள். ஊதினார். இழுத்தார்கள். விசிலுக்கு ஊன்றாத கால்கள் ஊன்றப் பழகியிருந்தன.

என்னைக் கண்டதும் அவருடைய கண் கலங்கியது. ஆனால் கயிற்றை விடவில்லை. தலையால் சைகை காட்டினார். நான் சப்பாத்தைக் கழற்றி மணலில் வைத்துவிட்டு அவருக்குப் பின்னால் கயிற்றைப் பிடித்தேன். உள்ளே இருந்த வருடங்களில் நான் நினைத்துக்கொண்டிருந்தது இந்த ஒரு நிமிடத்தைத்தான். இனி யாருக்குப் பயம்? யுத்தமும் முடிந்தது, துரையும் கப்பலேறப் போகிறார். வத்தையைக் கரையேற்றிய அன்று துபாசி கெடுத்துவிட்டுப் போன அடியைத் திரும்ப எங்கள் வாயாலேயே எடுக்க வேண்டும் என்று நெஞ்சு துடித்தது. என்னால் இயன்ற சத்தமாக எடுத்தேன்.

"கரைக்குச் சொந்தக் காரனாரு?"

ஒருவரும் சொல்லவில்லை. முன்னால் நின்றவரின் கழுத்து நரம்பு புடைத்ததைக் கண்டேன். பின்னால் ஒருவர் செருமினார். எல்லோரும் பல்லைக் கடித்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தார்கள். அந்த மறுமொழி எங்கும் போய்விடவில்லை. எல்லார் தொண்டையிலும் நின்றது. மேட்டில் குடை பிடித்துக்கொண்டு நின்ற புதிய சம்மாட்டி எங்கள் பக்கம் திரும்பினார்.

அண்ணை திரும்பிப் பார்க்காமலே தாழ்ந்த குரலில் சொன்னார்.

"மாஸ்டர், எங்கட பாட்டுச் சங்கதி இவருக்குத் தெரியும். வாயைத் திறக்கமாட்டம் எண்டு கையடிச்சுச் சொல்லித்தான் இவரின்ர கயித்தைப் பிடிச்சனாங்கள். இந்தக் கரையும் போனா எங்களுக்குப் போக இடமில்லை. கயித்தைப் பிடிக்கிறதெண்டா வாயைப் பொத்திக்கொண்டு பிடியுங்கோ."

பிறகு விசிலை எடுத்து வாயில் வைத்து ஊதினார். நானும் வாயைப் பொத்திக்கொண்டு இழுத்தேன்.